வெப்பம் கடக்கும், மின்சாரம் கடக்காது

உலோகங்கள் வெப்பத்தையும் மின்சாரத்தையும் ஒருசேரக் கடத்துகின்றன. உலோகத்தின் ஒவ்வோர் அணுவும் தன் வெளிச்சுற்று எலக்ட்ரான்களில் ஒன்றிரண்டை விட்டுவிடுகிறது. எந்த அணுவுக்கும் சொந்தமின்றி உலோகம் முழுவதும் அலையும் இந்த எலக்ட்ரான்களே மின்னோட்டமாகப் பாய்கின்றன. வெப்பத்தையும் பெரும்பாலும் அவையே சுமக்கின்றன. அதனால் ஒன்றை நன்கு கடத்தும் உலோகம் மற்றதையும் நன்கு கடத்தும். ஜெர்மானியர்களான வீடமனும் ஃபிரான்ஸும் 1853இல் இந்த உறவை அளந்து காட்டினர். இரண்டிலும் உலோகங்களில் முதலிடம் வெள்ளிக்கு, அடுத்தது செம்பு.

வெப்பம் கடத்தும் திறனைக் குறிக்கும் அளவில் செம்பு சுமார் 400, அலுமினியம் 237, இரும்பு 80. எவர்சில்வருக்கோ ஏறத்தாழ 15தான். இரும்போடு கலந்திருக்கும் குரோமியம், நிக்கல் அணுக்கள் எலக்ட்ரான்களின் ஓட்டத்தைச் சிதறடிப்பதே காரணம். எவர்சில்வர் பாத்திரத்தில் அடுப்புச் சுடருக்கு நேர் மேலே மட்டும் அடிப்பிடிப்பதும், சில பாத்திரங்களுக்குச் செம்பால் அடி வைப்பதும் இதனால்தான்.

மரம், பிளாஸ்டிக், கண்ணாடி ஆகியவற்றில் எலக்ட்ரான்கள் அணுக்களோடு கட்டுண்டு கிடக்கின்றன. மின்சாரம் பாய வழியில்லை. வெப்பம் மட்டும் அணுக்களின் அதிர்வாக மெல்ல நகர்கிறது. அதே அளவில் கண்ணாடி 1, மரம் 0.15 அளவுக்கே வரும். அசையாத காற்று 0.026தான். கம்பளியும் தெர்மோகோலும் கூரை வேய்ந்த கீற்றும் வெப்பத்தைத் தடுப்பது, அவற்றுக்குள் சிக்கியிருக்கும் காற்றால்தான். நனைந்த கம்பளி குளிரைத் தாங்காது. காற்று இருந்த இடத்தில் அதைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும் நீர் புகுந்துவிடுகிறது.

மின்சாரத்தைத் தடுத்து வெப்பத்தை மட்டும் எளிதில் விடும் பொருள்களும் உண்டு. வைரம் செம்பைவிடச் சுமார் ஐந்து மடங்கு வெப்பம் கடத்தும்; மின்சாரம் கடத்தாது. இறுகப் பிணைந்த அதன் கார்பன் அணுக்களின் அதிர்வு தடையின்றிப் பரவுகிறது. வீட்டில் இந்த வேலையை மலிவான பொருள்கள் செய்கின்றன. பழைய இஸ்திரிப் பெட்டியில் சூடாகும் நிக்ரோம் கம்பிக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே மைக்காத் தகடு இருக்கும். மைக்கா வெப்பத்தைச் சுமாராகவே கடத்தும். ஆனால் மிக மெல்லிய தகடே மின்சாரத்தைத் தடுத்துவிடுவதால் சூடு கீழே இறங்கிவிடுகிறது. தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டர் ராடின் உலோகக் குழாய்க்குள் கம்பியைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு தூள் இறுக்கப்பட்டிருக்கிறது.

குழாயில் விரிசல் விட்டால் அந்தத் தூள் ஈரத்தை உறிஞ்சி, மின்சாரத்தைத் தடுக்கும் தன்மையை இழக்கிறது. தூய நீர் மின்சாரத்தை அரிதாகவே கடத்தும். குழாய்த் தண்ணீரிலோ உப்புகள் கரைந்துள்ளன. கசியும் மின்சாரம் வாளி நீர் வழியே கைக்கு வரும். சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே தண்ணீரில் கை வைக்க வேண்டும்.