வெயிலில் வைக்கக்கூடாத பெட்டி

நெல்லு, வத்தல், வடகம், தலையணை எல்லாத்தையும் நாம் வெயிலில் காயப் போடுகிறோம். ஆனால் வெயிலே ஆகாத ஒரு பொருள் எங்கள் வீட்டில் இருக்கிறது. அது என் தாத்தாவின் ஆர்மோனியப் பெட்டி. அவர் நாடகத்துக்கு வாசித்தவர்.

ஆர்மோனியத்துக்கு 1842-இல் பாரிஸ் நகரில் அலெக்சாண்டர் டெபெய்ன் என்பவர் காப்புரிமை பெற்றார். அது காலால் மிதித்து வாசிப்பது. கையால் துருத்தி போடும் பெட்டியாக அதைக் கல்கத்தாவில் மாற்றினார்கள். துருத்தியை அமுக்கினால் பெட்டிக்குள் காற்று நிரம்பும். கட்டையை அழுத்தினால் காற்று பித்தளை ரீடு வழியாகப் போகும். ரீடு அதிரும். அதுதான் சத்தம்.

போன கோடை லீவில் படிக்க மேசை வேணும் என்று நான்தான் பெட்டியைத் தூக்கி மேற்கு ஜன்னல் ஓரம் வைத்தேன். தினமும் சாயங்கால வெயில் அதன்மேல் விழுந்தது. ஒரு மாதம் கழித்துத் தாத்தா வாசித்தபோது 'புஸ்' என்று காற்றுதான் வந்தது. பலகையில் விரிசல்! தாத்தா திட்டவில்லை. விரலால் தடவிப் பார்த்து, "மரம் காஞ்சிருச்சு பாப்பா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஏன் இப்படி ஆகிறது? மரத்துக்குள் எப்போதும் கொஞ்சம் ஈரம் உண்டு. சூட்டில் அது போனால் பலகை சுருங்கும், ஒட்டிய இடம் விட்டுப்போகும், காற்று ஒழுகும். புற ஊதாக் கதிர்கள் பாலிஷையும் நிறத்தையும் கெடுக்கும். கண்ணாடி ஜன்னலை மூடினாலும் அதில் ஒரு பகுதி உள்ளே வரும். பழைய பியானோவுக்கும் இதே கதிதான். அதில் 200-க்கும் மேல் கம்பிகள். கம்பி சுற்றிய முளைகளை மரம்தான் பிடித்திருக்கிறது. மரம் காய்ந்தால் முளை தளர்ந்து சுருதி இறங்கிவிடும்.

பாதுகாக்கும் முறைகள்:

1. வெயில் படாத உள்சுவர் ஓரம் வையுங்கள். முடியாவிட்டால் ஜன்னலுக்குக் கெட்டித் துணியில் திரை போடுங்கள்.
2. பருத்தித் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் தாள் வேண்டாம், ஈரம் உள்ளேயே தங்கும்.
3. தகரக் கூரைக்கு அடியில் பரணில் போடாதீர்கள்.
4. மழையில் நனைந்தால் வெயிலில் வைக்காமல் நிழலில் உலர்த்துங்கள்.

விரிசலை ஒருவர் அடைத்துக் கொடுத்தார். பழைய சத்தம் முழுசா வரவில்லை. இருந்தாலும் தாத்தா தினமும் அதில்தான் எனக்கு ஸ ரி க ம சொல்லித் தருகிறார். உங்கள் வீட்டிலும் பழைய பெட்டி இருந்தால், இன்றைக்குச் சாயங்காலம் வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு