ஆலிவும் தமனிகளும்

ஆலிவ் காயும் இலையும் கசப்பதற்குக் காரணம் ஒலியூரோபின் என்னும் பாலிஃபீனால். காய் பழுக்கும்போதும் எண்ணெய் பிழியும்போதும் அது சிதைந்து ஹைட்ராக்சிடைரோசால் உண்டாகிறது. தமனிக்கு உதவுவது முக்கியமாக இதுவே.

கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். துகள்கள் தமனியின் உட்சுவருக்குள் புகுந்து ஆக்சிஜனேற்றம் அடையும்போது தொல்லை தொடங்குகிறது. வெள்ளணுக்கள் அவற்றை விழுங்கி, கொழுப்பு நிறைந்த நுரைச் செல்களாகி அங்கேயே தங்கிவிடுகின்றன. படிவு வளர்ந்து குழாய் குறுகுகிறது. ஹைட்ராக்சிடைரோசால் அந்த ஆக்சிஜனேற்றத்தை மட்டுப்படுத்துகிறது. 20 கிராம் எண்ணெயில் இச்சேர்மமும் இதன் வழிப்பொருள்களும் 5 மில்லிகிராமாவது இருந்தால்தான் புட்டியில் இப்பயனைக் குறிப்பிடலாம் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2012ஆம் ஆண்டு விதி.

நல்ல எக்ஸ்ட்ரா வெர்ஜின் எண்ணெய் தொண்டையில் காரமாக உறைக்கும். அது ஒலியோகாந்தால் என்னும் சேர்மத்தின் வேலை. இபுபுரூஃபன் மாத்திரை தடுக்கும் அழற்சி நொதிகளையே இதுவும் தடுப்பது 2005இல் தெரியவந்தது. சுத்திகரிப்பில் இச்சேர்மங்கள் பெரும்பாலும் போய்விடுவதால், ரீஃபைண்ட் ஆலிவ் எண்ணெயிடம் இதே பலனை எதிர்பார்ப்பது வீண்.

ஸ்பெயினின் பிரெடிமெட் ஆய்வில் இதய நோய் அபாயம் மிகுந்த சுமார் 7,400 பேர் கலந்துகொண்டனர். எக்ஸ்ட்ரா வெர்ஜின் சேர்த்த மத்தியதரைக்கடல் உணவு உண்டோருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தன. பங்கேற்றோரைக் குழுக்களாகப் பிரித்ததில் குறைகள் தெரிந்ததால் 2013இல் வந்த கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. மறுபகுப்பாய்வுடன் 2018இல் மீண்டும் வெளியானபோதும் அந்த அளவு ஏறக்குறைய அப்படியே நின்றது.