மண்ணெண்ணெய் குடித்த எஞ்சின்

பழைய சாமான் கைமாறுவது வல்வெட்டித்துறைக்குப் புதிதல்ல. 1930இல் இங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்க, அது 1938இல் மசாசூசெற்ஸில் உள்ள குளொஸ்ரர் துறைமுகம்வரை போய்ச் சேர்ந்தது. நான் வாங்கியது அவ்வளவு பெரிய சாமான் இல்லை. ஒரு பழைய ஹொண்டா எம்.டி.90.

யப்பானியத் தபாற்காரருக்கென்றே செய்த சிவப்பு வண்டி இது. 1958இல் வந்த சுப்பர் கப் குடும்பத்தின் பிள்ளை. எஞ்சின் 90 சீசிக்குச் சற்றுக் குறைவு, கியர் மூன்று. இடக்கைப் பக்கம் கிளச் பிடி இல்லாததைப் பார்த்து முதலில் விழித்தேன். கிளச் உள்ளேதான் இருக்கிறது. எஞ்சின் மெல்லச் சுழலும்போது அது பிடிக்காது. வேகம் கூடியதும் சுழற்சியின் விசையால் எடைகள் வெளிப்பக்கம் தள்ளப்பட்டுத் தகடுகளை இறுக்கிவிடும். கியர் மாற்றக் காலால் மிதிக்கும்போது அந்த மிதியே கிளச்சையும் விடுவிக்கிறது. ஒரு கையில் கடிதக் கட்டோடு போகிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

வாங்கப் போகுமுன் கராஜ் அண்ணை ஒன்றுதான் சொல்லிவிட்டார்: "தம்பி, போன உடனை எஞ்சினைத் தொட்டுப் பார். சுட்டால் யோசி." முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கிவைத்த எஞ்சின் எளிதில் ஸ்ரார்ட் ஆகிவிடும், அதன் நோய் தெரியாது. குளிர்ந்திருந்தால் கிக்கரைக் கையால் மெல்ல அமத்திப் பார்க்கலாம். ஓரிடத்தில் எதிர்த்து நிற்க வேண்டும். பிஸ்டன் காற்றை அமுக்குகிற இடம் அது. எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் பிஸ்டன் வளையமோ வால்வோ கசிகிறது. பிறகு பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். முனை மண்ணிறமாக இருந்தால் நல்லது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெற்றோல் கூடுதலாகப் போகிறது. எண்ணெய்ப் பசையாக இருந்தால் ஒயில் மேலேறி எரிகிறது. நிமிடத்துக்கு 6000 சுற்றில் அந்தச் சின்ன முனைக்கு முன்னால் செக்கனுக்கு 50 வெடிப்புகள் நடக்கின்றன. எஞ்சினின் சங்கதி அதற்குத் தெரியாமல் போகுமா?

அண்ணை வண்டியைப் பார்த்ததும் பிளக்கைத் தொடவில்லை. பெற்றோல் டாங்கி மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். மண்ணெண்ணெய் காலத்துப் பழக்கம்.

1990களின் முதற் பாதியில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெற்றோல் கிடைப்பது அரிதாயிற்று. மோட்டார் சைக்கிள்களும் பழைய கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் பொத்திவைத்த பெற்றோலில் சில துளி விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாறுவார்கள். மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு எஞ்சின்களோடு பழகிய கரையூர்க்காரருக்கு இது வித்தையே அல்ல.

ஏன் அந்தத் துளிப் பெற்றோல்? எஞ்சினில் எரிவது திரவம் அல்ல, ஆவி. பெற்றோல் குளிரிலும் எளிதில் ஆவியாகும். மண்ணெண்ணெயின் மேல் தீப்பற்றும் அளவுக்கு ஆவி சேர ஏறத்தாழ 40 பாகை செல்சியசாவது வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் அது சொட்டாகவே நிற்கும். இன்னொரு வேடிக்கை: ஆவியாகச் சோம்பும் அதே மண்ணெண்ணெய், அமுக்கிச் சூடாக்கினால் பிளக்கின் பொறியிலிருந்து பரவும் தீ வந்து சேருமுன் தானே வெடித்துவிடும். மேட்டில் ஏறும்போது கேட்கும் 'டொக் டொக்' தட்டல் அதனால்தான். எரியாத மிச்சம் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கும்.

எம்.டி.90க்கு அது பெரிய கேடு. பிஸ்டனும் கியரும் கிளச்சும் ஒரே ஒயிலில் நனைகின்றன. அளவோ ஒரு லீற்றர்கூட இல்லை. அப்படியிருந்தும் அந்த வருடங்களைத் தாண்டி வந்த வண்டிகள் உண்டு. எஞ்சினின் உறுதியைவிட, ஒயிலை அடிக்கடி மாற்றியவர்களின் கவனத்தையே நான் மெச்சுவேன்.

என் டாங்கியில் மண்ணெண்ணெய் மணம் இல்லை. ஆனால் ரோர்ச் அடித்துப் பார்த்தபோது உள்ளே துரு. கடற்கரை வீட்டு முற்றத்தில் உப்புக் காற்று குடித்து நின்ற வண்டி. டாங்கியைப் பாதி காலியாக விட்டால் ஈரம் உட்சுவரில் படியும். அந்தத் துருத்தூள் காபரேற்றரின் ஊசித்துளையில் போய் அடைத்ததால், முதல் வாரமே தொண்டைமானாறு பாலத்தில் எஞ்சின் இருமிக்கொண்டு நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டுதான் வந்தேன். இப்போது டாங்கியை முட்ட நிரப்பியே நிறுத்துகிறேன்.