தனி நோட்டுக் கையெழுத்து
தற்காலிக ஆசிரியர் நியமனம் குறித்துச் சில குறிப்புகள்

அரசுப் பள்ளியொன்றில் ஒரு வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால் ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் என் பெயர் கிடையாது. பெற்றோர் ஆசிரியர் கழகம் வைத்த வாத்தியார் நான். எனக்கென்று தனியாக ஒரு நாற்பது பக்க நோட்டு. இந்த இரண்டு ஏடுகளுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

ஆசிரியர் வராத நாளில் பள்ளி என்ன செய்கிறது? ஓய்வுப் பாடவேளையில் இருப்பவர் அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்வார். ஈராசிரியர் பள்ளியில் அது நடக்காது. வட்டாரக் கல்வி அலுவலர் பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒருவரை 'மாற்றுப்பணி'க்கு அனுப்புவார். இங்கே பள்ளம் மூடி அங்கே பள்ளம் விழும். மகப்பேறு விடுப்பு போல மாதக்கணக்கில் நாற்காலி காலியானால் தற்காலிக ஆள் வைப்பது நியாயந்தான். ஆனால் ஓய்வு, பதவி உயர்வு என்று, திரும்பிவர எவருமில்லாத இடத்துக்கும் இதே ஏற்பாடு என்றால்? காலியிடம் நிரந்தரம், ஆள்தான் தற்காலிகம்.

2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்றவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு எடுக்கப்பட்டார்கள். மே மாதத்துக்கு அதுவும் தரப்படவில்லை. 2022 ஜூனில் 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் மூலம் தற்காலிகமாக நிரப்ப அரசு அறிவித்தது: இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000. நிரந்தர இடைநிலை ஆசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளமே அப்போது 20,600. வழக்கு வந்தது, உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது, நெறிமுறைகள் திருத்தப்பட்டன. ஏற்பாட்டின் அடிப்படை மாறவில்லை.

இதில் நியமிப்பவர் யார்? 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்கிறது. பள்ளியைக் கண்காணிக்க மக்களுக்குக் கிடைத்த உரிமை அது. அதே உரிமையைத் திரையாக்கி, முதலாளி என்ற இடத்திலிருந்து அரசு நழுவிக்கொள்கிறது. நூறுநாள் வேலைக்குப் போய்வரும் தாய் ஒருத்தி ஆசிரியைக்கு முதலாளி ஆகிறார். சம்பளம் தாமதமானால் அவரைத்தான் கேட்கணும். பணமோ மேலேயிருந்து வரணும். பள்ளிக்கு ஒரு இடம் என்று உள்ளூரிலேயே ஆள் எடுக்கும்போது இடஒதுக்கீட்டுச் சுழற்சியை எங்கே பொருத்துவது? 'ஊர்' என்பது சாதிகளின் அடுக்கு என்பதை மறைத்துவிட்டுத்தான் இதைச் 'சமூகப் பங்கேற்பு' என்று சொல்ல முடியும்.

2019 ஜனவரி வேலைநிறுத்தத்தின்போது 10,000 ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியர்களை வைக்க அரசு முன்வந்ததை நினைத்துப் பாருங்கள். வெளியே நிறுத்தி வைத்திருக்கும் கூட்டம் உள்ளே இருப்பவர்களை மிரட்டவும் பயன்படுகிறது. இவர்களைக் கருங்காலிகள் என்று திட்டுவது சுலபம். இவர்களை உறுப்பினர்களாக்கியிருந்தால் அந்த மிரட்டல் செல்லுபடியாகியிருக்குமா?

நானும் சங்கத்தில் சேரக் கேட்டேன். "நீங்க ரெகுலர் இல்லையே தம்பி" என்றார் தோழர். பிள்ளைகளுக்கு அந்த நாற்பது பக்க நோட்டு தெரியாது. அவர்களுக்கு நானும் சார்தான். அரசுக்குத் தெரியும். சங்கத்துக்கும் தெரிந்திருந்தது.