சித்திரையிற் பிறந்த பெண்

தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே வீதியில் வழங்கும் எல்லை நகரமாகிய ஓசூரில், சைத்ரா என்னும் பெண்பெயர் எவருக்கும் புதிதன்று. பௌர்ணமி சித்திரை நட்சத்திரத்தை ஒட்டி நிகழ்வதால் அம்மாதம் சைத்திரமாயிற்று. நமது சித்திரையும் அவ்வாறு வந்ததே. கன்னடருக்கு அது யுகாதியுடன் பிறக்கும் வஸந்த மாதம். அதன் பெயரை மகளுக்குச் சூட்டி மகிழ்கின்றனர். நம்மவரில் பலரோ, சித்ரா என்று பெண்களை ஆசையுடன் அழைத்துக்கொண்டே, சித்திரையிற் பிறக்கும் சிசு குடும்பத்துக்கு ஆகாதென்று அஞ்சி, ஆடியில் புதுமணத் தம்பதிகளைப் பிரித்து வைக்கின்றனர்! கத்திரி வெயிலில் பிரசவம் வேண்டாமென்று முன்னோர் கருதியிருந்தால் அதில் நியாயமுண்டு. பிறந்த குழந்தைமீது பழி சுமத்துவது எந்தச் சாஸ்திரம்? சித்திரையிற் பிறந்த பெண்ணுக்கு, அண்டை வீட்டாரைப் போல, அம்மாதத்தின் பெயரையே தமிழ்ப் பெற்றோரும் துணிந்து இடுவார்களாக.