கண்ணாடி மணியைச் செய்தவர் யார்?

சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டியில் மரச்சிற்பம் செதுக்குவோரை நீங்கள் பார்த்திருக்கலாம். புவிசார் குறியீடு பெற்ற கலை அது. பழகிய கைவினைஞரிடம் ஒரு மரத்துண்டைக் கொடுத்தால், அதன் ரேகையையும் கனத்தையும் கொண்டே இது வாகை, இது தேக்கு என்று சொல்லிவிடுவார். உளி பட்டிருக்கும் விதம், செதுக்கிய கையைப் பற்றியும் ஏதேனும் சொல்லும். எதனால் ஆனது, யார் செய்தது என்பவை இரு வேறு கேள்விகள் என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

இப்போது மரத்துக்குப் பதில் ஒரு பழைய கண்ணாடி மணியை எடுத்துக்கொள்வோம். கண்ணாடியில் ரேகை கிடையாது. உப்பிலும் படிகாரத்திலும் இருப்பதுபோல் அணுக்கள் அதில் ஒழுங்கான வரிசையில் அமைவதில்லை. உருகிய குழம்பில் இருந்த ஒழுங்கற்ற நிலையிலேயே அவை உறைந்துவிடுகின்றன. அப்படியானால் அந்த இரு கேள்விகளுக்கும் விடை காண்பது எப்படி?

இக்கேள்வி உண்மையிலேயே எழுந்த இடம், புதுச்சேரிக்கு அருகில் உள்ள அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கு அகழாய்வு செய்தார். இத்தாலியில் செய்த மட்கலங்களின் ஓடுகளும், உரோமானியர் விரும்பிய விலா வரி போட்ட கண்ணாடிக் கிண்ணங்களின் துண்டுகளும் கிடைத்தன. அரிக்கமேடு உரோம வணிகத் தலம் என்று உலகெங்கும் பெயர் பெற்றது. ஆனால் அதே மண்ணில் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், கறுப்பு என்று சிறு சிறு கண்ணாடி மணிகளும் ஏராளமாகக் கிடைத்தன. பெரும்பாலானவை மிளகைவிடப் பெரியவையல்ல. இவையும் கப்பலேறி வந்தவையா? இல்லை, நம் ஊர்க் கைவினைஞர் செய்தவையா?

முதலில் செய்தவரைத் தேடுவோம். இதற்கு ஓர் உருப்பெருக்கி போதும். கண்ணாடிக் குழம்பில் காற்றுக் குமிழிகள் சிக்கிக்கொள்வது இயல்பு. தானாக விட்டால், பரப்பு இழுவிசையின் காரணமாகக் குமிழி உருண்டையாகவே இருக்கும். குழம்பை நீளக் குழாயாக இழுத்தால் குமிழியும் கூடவே நீளும். குழம்பு விரைவில் குளிர்ந்து கெட்டிப்படுவதால், குமிழி மீண்டும் உருண்டையாக நேரம் கிடைப்பதில்லை. ஆகவே, குழாயை இழுத்து, துண்டு துண்டாக நறுக்கிச் செய்த மணியில் குமிழிகளும் கோடுகளும் துளைக்கு இணையாக ஓடும். கம்பியின்மேல் குழம்பைச் சுற்றிச் செய்த மணியிலோ அவை துளையைச் சுற்றி வளைந்து கிடக்கும். மரத்துக்கு ரேகை எப்படியோ, கண்ணாடிக்குக் குமிழி அப்படி!

அரிக்கமேட்டுச் சிறு மணிகளில் பெரும்பாலானவை இழுத்துச் செய்தவை. இவ்வகை மணிகள் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து கொரியா வரை கிடைக்கின்றன. அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் இவற்றுக்கு இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயரிட்டார். திருப்பதிக்கு அருகில் உள்ள பாப்பநாயுடுபேட்டையில் அண்மைக் காலம் வரை இம்முறையில் மணி செய்துவந்தனர். உலையில் குழைந்து நிற்கும் பெரிய கண்ணாடிக் கட்டியின் நடுவே துளை உண்டாக்கி, ஒருவர் மறுபக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டே இருப்பார். மெல்லிய குழாய் வந்துகொண்டே இருக்கும். நறுக்கிய துண்டுகளைச் சாம்பலோடு சேர்த்து மீண்டும் சூடாக்கினால், துளை அடைபடாமல் கூர்முனைகள் மட்டும் மழுங்கும். அரிக்கமேட்டிலும் குழாய்த் துண்டுகளும் கழிவுக் கண்ணாடியும் கிடைத்திருக்கின்றன. கடல் கடந்து மணி வாங்குபவர் கழிவையும் சேர்த்தா வாங்குவார்?

ஆனால், மணி இழுத்தவர் உள்ளூர்க்காரர் என்பதாலேயே கண்ணாடியும் உள்ளூர்க் கண்ணாடி ஆகிவிடாது. வெளியிலிருந்து வந்த கட்டியை உருக்கியும் மணி செய்யலாம் அல்லவா? இங்கேதான் இரண்டாவது கேள்வி வருகிறது.

நிறம் இதில் அதிகம் உதவாது. கோபால்ட் சிறிதளவு இருந்தாலே ஆழ்ந்த நீலம் வந்துவிடும், உலை எங்கிருந்தாலும் சரி. செம்போ, உலையில் ஆக்சிஜன் நிறைய இருந்தால் பச்சை கலந்த நீலமும், குறைந்தால் செங்கல் சிவப்பும் தரும். அது உலைக்காரரின் திறமையைக் காட்டுமே தவிர ஊரைக் காட்டாது. ஊரைக் காட்டுவது மணல்.

உரோமானியக் கண்ணாடி பெரும்பாலும் மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரை மணலையும், எகிப்தில் கிடைத்த நேட்ரான் என்னும் சோடா உப்பையும் கொண்டு ஆக்கப்பட்டது. கடற்கரை மணலில் சிப்பித் துகள் உண்டு. ஆகவே அதில் சுண்ணாம்பு மிகுதி, அலுமினா 2 அல்லது 3 விழுக்காடுதான். நம் நாட்டு மணலில் பெரும்பகுதி கருங்கல் போன்ற பாறைகள் தேய்ந்து உண்டானது. அப்பாறைகளில் உள்ள பெல்ஸ்பார் என்னும் கனிமத்தில் அலுமினியம் இருக்கிறது. இம்மணலோடு, வண்ணார் துணி வெளுக்கப் பயன்படுத்திய உவர்மண் போன்ற சோடா மண்ணைச் சேர்த்து உருக்கினால் அலுமினா 5 விழுக்காட்டுக்கும் மேலே போகிறது. சிலவற்றில் 10ஐயும் தாண்டுகிறது. தென்னிந்தியாவின் பழைய மணிகள் பலவற்றில் காணப்படுவது இந்த அலுமினா மிகுந்த கண்ணாடியே. அரிக்கமேட்டில் பொட்டாசு மிகுந்த வேறு வகையும் உண்டு. ஆகவே எல்லா மணிக்கும் ஒரே பிறப்பிடம் என்று சொல்லிவிட முடியாது.

மணியை உடைக்காமல் இதை அளப்பது எப்படி? எக்ஸ் கதிரை அதன்மேல் பாய்ச்சினால் அணுவின் உள்வட்டத்து எலக்ட்ரான் வெளியேறும். வெளிவட்டத்து எலக்ட்ரான் அந்த இடத்துக்குத் தாவும்போது, அத்தனிமத்துக்கே உரிய ஆற்றலுடன் வேறோர் எக்ஸ் கதிர் பிறக்கும். கோபால்டுக்கு இது 6.93, செம்புக்கு 8.05 கிலோ எலக்ட்ரான் வோல்ட். ஆனால் சோடியத்தின் கதிருக்கு 1.04தான், வழியிலுள்ள காற்றே அதை விழுங்கிவிடும். மேலும், மண்ணுக்குள் நூற்றாண்டுகள் கிடந்த மணியின் மேற்பரப்பிலிருந்து சோடா கரைந்து போயிருக்கும். இந்நாளில் லேசர் கதிரால் மயிரிழை அளவுக் குழி தோண்டி, வெளிவரும் ஆவியிலுள்ள அணுக்களை நிறை வாரியாகப் பிரித்து எண்ணுகிறார்கள். குழி வெறுங்கண்ணுக்குச் சரியாகத் தெரியாது.

அடுத்த திருவிழாவில் வாங்கும் கண்ணாடி மணியை, பத்து மடங்கு உருப்பெருக்கியின் கீழ் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குமிழிகள் துளையோடு ஓடுகின்றனவா, துளையைச் சுற்றுகின்றனவா? இரண்டு பாதி சேரும் தையல்போன்ற கோடு தெரிந்தால் அது அச்சில் அழுத்தியது. கையில் எடுத்தவுடன் சில்லென்று படாவிட்டால் அநேகமாகப் பிளாஸ்டிக். வேறு மணி தேடுங்கள்.