‘அடுத்து என்ன?’ – ஆபத்து நேரத்தில் டாக்டருக்கு நினைவூட்டும் குரல்

2005 மார்ச். இங்கிலாந்தில் எலைன் பிராமிலி என்ற பெண்ணுக்கு சைனஸ் ஆபரேஷன். வழக்கமான சிகிச்சைதான். ஆனால், மயக்க மருந்து கொடுத்த பிறகு மூச்சுக்குழாயில் டியூப் போட முடியவில்லை. ஆக்சிஜன் இறங்க இறங்க, டாக்டர்கள் அதையே திரும்பத் திரும்ப முயன்றார்கள். கழுத்தில் துளையிட்டு மூச்சு கொடுக்கும் கருவிகளை நர்ஸ் எடுத்து வந்தும் பயன்படுத்தப்படவில்லை. 13 நாட்களில் எலைன் இறந்தார்.

டாக்டர்களுக்குத் தெரியாதா?

நல்லாவே தெரியும். அனுபவசாலிகள்தான். ஆனால் பதற்றத்தில் மனசு ஒரே வேலையில் சிக்கிக்கொள்ளும். நேரம் போவதே தெரியாது. எலைனின் கணவர் மார்ட்டின் ஒரு விமானி. விமானிகள் செக்லிஸ்ட் இல்லாமல் பறப்பதில்லை. மருத்துவத்திலும் இந்தப் பழக்கம் வேண்டும் என்று 2007-இல் ஓர் அமைப்பையே தொடங்கினார் அவர்.

செக்லிஸ்ட்டில் என்ன இருக்கும்?

பிரிட்டனின் 2015 வழிகாட்டுதல் 4 படிகளைச் சொல்கிறது:

* டியூப் போட அதிகபட்சம் 3 முயற்சி. இன்னும் திறமையான டாக்டர் வந்தால் மேலும் ஒன்று.
* முடியலையா? குரல்வளைக்கு மேலே பொருத்தும் கருவி.
* அதுவும் சரிவரலையா? முகத்தில் மாஸ்க்.
* எதுவுமே பலிக்கலைன்னா, உடனே கழுத்தின் முன்பக்கம் கீறி ஆக்சிஜன் கொடுக்கணும்.

குரல் எதற்கு?

செக்லிஸ்ட் சுவரில் தொங்கும். டாக்டரின் கையோ கருவியில், கண்ணோ தொண்டையில். அட்டையை யார் பார்ப்பது? அங்கேதான் குரல் உதவியாளர் வருகிறது. ‘அடுத்து என்ன?’ என்று கேட்டால் அடுத்த படியை வாசிக்கும். ‘2 நிமிடம் ஆச்சு’, ‘3 முயற்சி முடிந்தது’ என்று நினைவூட்டும்படியும் அமைக்கலாம். இப்போதைக்கு இவை பயிற்சிக் கூடங்களில், மனித உருவ பொம்மைகளை வைத்துச் சோதிக்கப்படுகின்றன.

சிக்கல் இல்லையா?

இருக்கு. அலாரம் சத்தம், மாஸ்க் போட்ட வாய், வெவ்வேறு உச்சரிப்பு - இதற்கு நடுவே கருவி தவறாகக் கேட்கலாம். தவறான நேரத்தில் பேசினால் கவனமும் சிதறும். முடிவெடுப்பது எப்போதும் டாக்டர்தான்.

சீனியர் டாக்டரிடம் ‘போதும், நிறுத்துங்க’ என்று சொல்ல ஜூனியருக்கும் நர்ஸுக்கும் தயக்கம் இருக்கும். கருவிக்கு அந்தத் தயக்கம் கிடையாது. ஆனால் நர்ஸ் கொண்டுவந்த கருவிகளைக் கவனிக்காதவர்கள், இந்தக் குரலையும் கவனிக்காமல் விடலாம். சொல்வதைக் காதில் வாங்கும் பழக்கம் பொம்மையிடமே வந்துவிட வேண்டும். பயிற்சியின் நோக்கமே அதுதான்.